1565-இன் பீரங்கி, ஆவடி குவார்ட்டர்ஸில்

1565-ஆம் ஆண்டில் நடந்தவை:

1. தை மாதம், கிருஷ்ணா நதிப் பக்கம் நடந்த போரில் விஜயநகரப் படை, தக்காணத்துச் சுல்தான்களின் கூட்டுப் படையிடம் தோற்றது. தலைநகரம் சூறையாடப்பட்டது. சுல்தான்களின் பீரங்கிகளில் குண்டுக்குப் பதில் செப்புக் காசுகளை மூட்டையாகத் திணித்துச் சுட்டார்கள் என்று சொல்வதுண்டு.

2. மத்தியதரைக் கடலில் மால்டா என்ற சின்னஞ்சிறு தீவைத் துருக்கியரின் பெரும் கப்பற்படை கோடை முழுக்க முற்றுகையிட்டது. தீவு விழவில்லை.

3. பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய ஸ்பானியக் கப்பல் ஒன்று, பசிபிக் கடலைக் கடந்து மெக்சிகோவுக்குத் திரும்பும் வழியைக் கண்டது.

4. ஃப்ளோரிடா கரையில் ஸ்பானியர் ஓர் ஊரை அமைத்தார்கள். அங்கே இன்றும் மனிதர்கள் வசிக்கிறார்கள்.

5. ஆக்ராவில் சிவப்புக் கல் கோட்டையின் வேலை தொடங்கியது.

6. சூரிச் நகரில் அச்சான ஒரு புத்தகத்தில் பென்சிலின் படம் வந்தது. அதற்கு முந்தைய பென்சில் படம் எதுவும் கிடைக்கவில்லை என்கிறார்கள்.

எண்பதுகளின் நடுவில், ஒன்பதாம் வகுப்புக் கண்காட்சிக்காக நான் எழுதிய பட்டியல் இது. ஆளுக்கொரு வருடத்தைச் சீட்டுக் குலுக்கிக் கொடுத்தார்கள். எனக்கு வந்த வருடத்தை, நாங்கள் குடியிருந்த தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸின் நூலகத்தில் தடித்த புத்தகங்களில் தேடத் தேட, ஒரு விஷயம் மலைப்பாக இருந்தது. இவை அத்தனையும் ஒரே வருடத்தில் நடந்திருக்கின்றன. ஆனால் ஓர் இடத்தில் இருந்தவனுக்கு மற்றதைப் பற்றித் தெரியாது. மால்டாவில் கோட்டைச் சுவரைக் காத்து நின்றவன் நம் பக்கத்தில் ஒரு நகரம் எரிந்ததைக் கேள்விப்பட்டிருக்க மாட்டான். பூந்தமல்லிப் பக்கம் தை அறுவடையில் குனிந்திருந்தவனுக்கும், தன் தலைக்கு மேல் இருந்த பேரரசு உடைந்துவிட்டது என்று எப்போது யார் சொன்னார்களோ. எங்களுக்கோ ஆவடித் தொழிற்சாலையின் சங்கு ஊதினால் பக்கத்து ஊரான நெமிலிச்சேரி வரைக்கும் ஒரே நேரத்தில் கேட்கும்.

என் அப்பா அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். ராணுவத்துக்குத் தளவாடம் செய்கிற இடம் என்பதால் உள்ளே என்ன வேலை என்று வீட்டில் பேச மாட்டார். அம்மாவும் கேட்டதில்லை. குவார்ட்டர்ஸில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். சாயங்காலம், “இன்னைக்கு என்னப்பா செஞ்சீங்க?” என்று கேட்டால், “வேலை” என்பார்.

பட்டியலை எழுதிய சார்ட்டின் நடுவில் அந்தக் காசுப் பீரங்கியை வரைந்திருந்தேன். நீளவாக்கில் வெட்டினால் உள்ளே எப்படித் தெரியும் என்று யோசித்து, வாய், துளை, வெடிமருந்து, மேலே காசுகள் என்று எல்லாவற்றையும் காட்டி, பென்சிலால் அளவும் குறித்திருந்தேன். அளவெல்லாம் என் கற்பனை. குளியலறைக் குழாயை ஸ்கேலால் அளந்து, பெருக்கிப் போட்டது.

கண்காட்சிக்கு முந்தின நாள் சாயங்காலம் அப்பா வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சார்ட்டின் முன்னால் நின்றார்.

“ஏளா, இது யாரு சொல்லி வரைஞ்ச?”

“யாரும் சொல்லலப்பா. புத்தகத்துல இருக்கு.”

“அளவு?”

நான் பதில் சொல்வதற்குள் சார்ட்டைச் சுருட்டிவிட்டார். அளவு இல்லாவிட்டால் அது படம். அளவு போட்டுவிட்டால் டிராயிங். டிராயிங் தொழிற்சாலை கேட்டைத் தாண்டக் கூடாது. அவருக்குத் தெரிந்த சட்டம் அதுதான். நாளைக்குக் கண்காட்சி மேசையில் என் வருடம் மட்டும் இருக்காது என்று எனக்குப் புரிந்தது.

அம்மா போய்ப் பக்கத்து வீட்டு மாமாவை அழைத்து வந்தார். தொழிற்சாலை கேட்டில் காவலுக்கு நிற்பவர் அவர். எல்லோருடைய சாப்பாட்டுப் பையையும் திறந்து பார்ப்பது அவர் வேலை. சார்ட்டைத் தரையில் விரித்துச் சுற்றி வந்து பார்த்தார்.

“இந்த பீரங்கி எந்த வருசத்துது பாப்பா?”

“ஆயிரத்து ஐந்நூத்தி அறுபத்தஞ்சு மாமா.”

“இத்த செஞ்சவன்லாம் ரிட்டயர் ஆயிட்டிருப்பான் அண்ணாத்தே. நீ இன்னாத்துக்கு பயந்துகினு கீற?”

“வெளையாடாதீரும். நாளைக்கு எவனாவது பாத்துட்டு, அப்பன் சொல்லிக் குடுத்திருக்கான்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். என் வேலை போயிரும்.”

“பாப்பா ஊட்ல வரைஞ்சுது. நம்ம கேட்டுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்? சரி, மன்சு ஆறலயா, நம்பர அழிச்சிடு. பொம்ம பொம்மயா இருக்கட்டும்.”

அப்பா என் ரப்பரை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, ஒவ்வோர் அளவாக, கோட்டில் படாமல் அழித்தார். காசுகள் வரைந்த இடத்துக்கு வந்ததும் கை நின்றது.

“நிசமாவே செப்புக் காசையா போட்டாங்க?”

“அப்படித்தான் போட்டிருக்குப்பா.”

“காசப் போட்டுச் சுட்டா குழாய் உள்ள கீறிப்போயிரும்,” என்றார். குரல் மெதுவாக, தனக்கே சொல்வதுபோல் இருந்தது. “அது தெரிஞ்சுதான் போட்டிருப்பான். அன்னைக்கு ஒரு நாளு ஜெயிச்சா போதும்னு.”

அப்பா வேலையைப் பற்றி ஒரு வாக்கியம் பேசி நாங்கள் கேட்டது அதுதான் முதல் முறை. கிருஷ்ணா நதிப் பக்கம் பீரங்கியின் பின்னால் நின்ற யாரோ ஒருவன் மனதில் நினைத்ததை, ஆவடியில் தரையில் உட்கார்ந்திருந்த ஒருவர் அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்.

காவல்கார மாமாதான் முதலில் எழுந்தார். “நீ இன்னா சொன்னன்னு என் காதுல உழல அண்ணாத்தே,” என்று சொல்லிவிட்டுக் காபிக்கு நிற்காமல் போனார்.

மறுநாள் சார்ட்டை அப்பாவே சைக்கிளில் பள்ளிக்கு எடுத்து வந்து கொடுத்தார்.

இப்போது அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். நான் டிப்ளமோ முடித்து, திருமழிசையில் ஒரு தொழிற்கூடத்தில் டிராயிங் போடுகிறேன். அளவு போட்ட தாள் எதுவும் வீட்டுக்கு வருவதில்லை. அந்தச் சார்ட் வீட்டில் பீரோவின் மேல் இருக்கிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அழித்த எண்கள் தெரியும். அப்பா உள்ளே என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. நான் என்ன வரைகிறேன் என்று அவரும் கேட்பதில்லை.