வெள்ளிக்கிழமைப் புகார்கள்

என் மகளைப் பற்றி அவள் அத்தாவிடம், என் கணவரிடம், பொய் சொன்னேன். ஒருமுறை அல்ல... வருடக்கணக்கில்!

இன்று நஸ்ரின் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் கடிக்கிறாள். எட்டு வயதிலும் படுக்கையை நனைக்கிறாள். நான் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டதாக முத்துப்பேட்டையில் எங்கள் தெருவே பேசுகிறது. செல்லமா! நான் அவளுக்கு என்ன கொடுத்தேன் என்று உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

என் கணவர் குவைத்தில் இருக்கிறார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு, சாயங்காலம் வீடியோவில் அழைப்பார். "சாப்பிட்டியா? உடம்பு நல்லாருக்கா? சரி, வைக்கிறேன்." அவ்வளவுதான். வாரம் முழுவதும் காத்திருந்து, நல்ல சேலை உடுத்தி உட்கார்ந்திருப்பேன். அந்த மூன்று வாக்கியங்களுக்காக!

ஒருநாள் நஸ்ரின் உண்மையிலேயே பாலைக் கொட்டிவிட்டாள். பேச்சுவாக்கில் அதைச் சொன்னேன். அவர் போனை வைக்கவில்லை. விசாரித்தார், கோபப்பட்டார், கடைசியில், "நீ தனியா கெடந்து கஷ்டப்படுற, எனக்குப் புரியுது" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. அந்த ஒரு சொல்லுக்கு நான் எவ்வளவு ஏங்கிக் கிடந்தேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை சொல்வதற்கு ஒன்றுமில்லை. குழந்தை ஒரு தப்பும் செய்யவில்லை. என்ன செய்வேன்... கதை கட்டினேன். "பக்கத்து வயல் நாற்றங்கால்ல எறங்கி நாத்தையெல்லாம் மிதிச்சிட்டா உங்க மக. வயக்காரர் சண்டைக்கே வந்துட்டார்."

"போனை அவகிட்ட குடு" என்றார்.

"நான் செய்யலத்தா... நான் செய்யல!" என்று குழந்தை கதறினாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பொய் வேற சொல்றா பாருங்க."

இன்று அந்த வாக்கியத்தை என்னால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ஆனால் அன்று அதைச் சொன்னபோது எனக்கு நாக்குக் கூசவில்லை. ஏன் கூசவில்லை? இன்றுவரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வாரந்தோறும் ஒரு புகார். வாரந்தோறும் அவளுக்கு வசவு, எனக்கு ஆறுதல். சில மாதங்களில் அவள் மறுப்பதை நிறுத்திவிட்டாள். வெள்ளிக்கிழமை வந்தாலே கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்வாள். பிறகு ஒருநாள், நான் முன்பு பொய்யாகச் சொன்ன அதே நாற்றங்காலில் உண்மையாகவே இறங்கி மிதித்துவிட்டு, முழங்கால் வரை சேற்றோடு வந்து என் முன்னால் நின்றாள். எனக்கு முதலில் வந்தது கோபமல்ல. இனிப் பொய் சொல்ல வேண்டாம் என்ற நிம்மதி! இப்படியும் ஒரு தாய் இருப்பாளா? இருக்கிறாள். நான்தான்.

பள்ளிக்கூடத்தில் வற்புறுத்தியதால் திருவாரூரில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனேன். "வீட்ல ஏதாவது பிரச்சினை இருக்காம்மா?" என்று அவர் கனிவாகத்தான் கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க மேடம். அவங்க அத்தா வெளிநாட்ல இருக்காங்க, அவ்வளவுதான்."

நஸ்ரின் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம்.

போன வெள்ளிக்கிழமை இனிப் பொய்யே சொல்வதில்லை என்று முடிவெடுத்து உட்கார்ந்திருந்தேன். அவர் வழக்கமான இரண்டு கேள்விகளையும் கேட்டார். "வேற ஒண்ணுமில்லையே? வைக்கவா?" என்றார். திரையில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டிலுக்கடியிலிருந்து நஸ்ரின் தானாகவே வெளியே வந்தாள். அலமாரியிலிருந்து கண்ணாடித் தம்ளரை எடுத்தாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதைத் தரையில் போட்டாள்.

"சொல்லும்மா..." என்றாள் மெதுவாக. "அத்தா வச்சிடப் போறாங்க."

அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது! எத்தனை நாளாகத் தெரியும்? யா அல்லாஹ்... எத்தனை நாளாக?

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்களா? இல்லை. "பாருங்க, கண்ணாடித் தம்ளரைப் போட்டு ஒடச்சிட்டா" என்றேன். அவர் நெடுநேரம் பேசினார். என் கஷ்டம் புரிகிறது என்றார். சிதறிய கண்ணாடிக்கு நடுவே வெறுங்காலோடு நின்றபடி, தன் வசவை வாங்கிக்கொள்ள நஸ்ரின் போனுக்காகக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

உங்களிடம் சொல்லிவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை, சொல்வேன் என்ற நம்பிக்கையும் எனக்கில்லை.

நாளை வெள்ளிக்கிழமை.