உறைந்த அருவியில் ஓர் ஐஸ் ஃபேக்டரிக்காரியின் பொங்கல்

பொங்கலுக்கு ஊரில் இருக்கக் கூடாது. நான் கிளம்பியதற்கு அதுதான் காரணம். இமயமலை மேல் காதல், சாகச ஆசை என்றெல்லாம் எழுதினால் நம்பாதீர்கள். அதற்கு முந்தைய பொங்கலுக்கு காரைக்கால் பக்கத்து நெடுங்காட்டு வீட்டில் நான் ஒருத்தி மட்டும் இருந்தேன். அப்பா அம்மா காலமாகிவிட்டார்கள். தம்பி குடும்பத்தோடு சிங்கப்பூரில் இருக்கிறான். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று தெரியாமல் அள்ளிப் போட்டுவிட்டு, மறுநாள் வரை நானே தின்று தீர்த்தேன். எங்கள் பக்கம் அன்றைக்குக் காலையில் யாரைப் பார்த்தாலும் ‘பால் பொங்கிச்சா?’ என்றுதான் முதலில் கேட்பார்கள். என்னை ஒருத்தரும் கேட்கவில்லை. சாயங்காலம் வரை போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அசிங்கமாக இருந்தது.

சரி, அதற்கு ஏன் ஐஸ் ஏறப் போக வேண்டும்? நான் காரைக்காலில் ஓர் ஐஸ் ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறேன். துறைமுகத்துப் படகுகளுக்கும் மண்டபத்தூர் மீனவர்களுக்கும் மீன் பெட்டிக்கான ஐஸ் எங்களிடமிருந்து போகிறது. மீன்பிடித் தடைக்காலத்தில் எங்களுக்கு ஈ ஓட்டுகிற வேலைதான். அப்படி ஒரு மத்தியானம் போனில் ஒரு பெண் உறைந்த அருவியில் தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். வருஷக்கணக்கில் ஐஸோடு குடித்தனம் நடத்துகிறவள் நான், எனக்குத் தெரியாத ஐஸா என்று ஒரு திமிர் வந்தது. லடாக்கில் வார இறுதிப் பயிற்சி, சனி ஞாயிறு, முன் அனுபவம் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை பொங்கல். பணத்தைக் கட்டிவிட்டேன். சாமான்கள், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் சேர்த்துப் பதினாறாயிரம் ரூபாய். விமானம் தனி.

செவ்வாய் இரவு பஸ் ஸ்டாண்டுக்கு என்னை ஏற்றிப்போன ஆட்டோக்காரர் என் மூட்டையைப் பார்த்தார். “பொங்கல் நேரத்துல எங்கம்மா கிளம்பிட்டீங்க?”

“ஐஸ் மேல ஏற.”

“அட, அதுக்கு எதுக்கும்மா அவ்ளோ தூரம்? உங்க ஃபேக்டரியிலயே ஏறலாமே!” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். எதிரே கரும்புக் கட்டுகளோடு வண்டிகள் வந்துகொண்டிருந்தன.

சென்னைக்குச் சுமார் முந்நூறு கிலோமீட்டர், எட்டு மணி நேரம். புதன் மத்தியானம் டெல்லி விமானம், வியாழன் விடியற்காலை அங்கிருந்து லே, ஒன்றரை மணி நேரம். லே பதினோராயிரம் அடிக்கு மேல் இருக்கிறது. இறங்கியதும் இரண்டு நாள் சும்மா கிடக்க வேண்டும், உடம்பு பழகுவதற்கு. இதில் சாமர்த்தியம் காட்டாதீர்கள். எனக்கு முதல் நாள் தலை பிளந்தது. விடுதி அறையில் போர்வைக்குள் கிடந்தபடி இரண்டு நாளும் யாரிடமும் பேசவில்லை. தனிமைக்குத் தப்பி இவ்வளவு தூரம் வந்து, அதையே துணைக்குக் கூட்டி வந்திருக்கிறேனே என்று அழுகை வந்தது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வண்டி வந்தது. ஒரு மணி நேரப் பயணத்தில் ஒரு சின்ன கிராமம். அங்கிருந்து இருபது நிமிஷம் நடந்தால் பாறை இடுக்கில் அருவி, விழுகிற வாக்கிலேயே உறைந்து நின்றது. குளிர் மைனஸ் பதினைந்து. பயிற்சிக்கு வந்தவர்கள் ஆறு பேர். அதில் நால்வர் ஜோடி ஜோடியாக வந்திருந்தார்கள். மிச்சம் நானும், பெங்களூரில் வேலை பார்க்கும் தேவியும். மாயவரத்துப் பெண், முப்பது வயது இருக்கும். “அக்கா நீங்க நம்ம பக்கமா!” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு ஜோடி அவள்தான் என்று ஆனது.

ஜோடி ஏன் என்றால், மேலே கட்டிய வளையம் வழியாகக் கயிறு வரும். ஒரு நுனி ஏறுகிறவர் இடுப்பில், மறு நுனி கீழே நிற்பவர் கையில். கை தளர்ந்தால் ‘டைட்!’ என்று கத்த வேண்டும், கீழே நிற்பவர் கயிற்றை இழுத்துப் பிடிப்பார். இறங்கும்போது, ஐஸில் மாட்டி ஏறக் கைக்கு ஒன்றாகத் தருகிற கோடாலிகளை மணிக்கட்டு வாரில் தொங்கவிட்டு, பின்னால் சாய்ந்து உட்கார வேண்டும், மெல்ல இறக்கிவிடுவார். ஷூவுக்கு அடியில் க்ராம்பான் என்கிற முள்ளுச் சட்டம். முன் முள்ளால் நேராக உதைத்து, குதிகாலைத் தாழ்த்தி நிற்க வேண்டும். இதெல்லாம் ஒரு மணி நேரத்தில் முக்கால்வாசி பிடிபட்டுவிட்டது.

என்னைக் கவிழ்த்தது கைதான். எங்கள் ஃபேக்டரியில் பார் ஐஸ் என்கிற நீளக் கட்டியை இரண்டாக்க, கூர்க்கம்பியால் ஒரே கோட்டில் டக் டக் டக் என்று சின்னச் சின்னதாகக் குத்திக்கொண்டே போவோம். கடைசியில் ஒரே போடு, பார் சுத்தமாகப் பிளந்துவிடும். லோடு ஆட்கள் வராத நாட்களில் நானே உடைத்திருக்கிறேன். அருவியிலும் என் கை அதையே செய்தது. கோடாலியை ஓங்கி ஒரு இடத்தில் மாட்டுவதற்குப் பதிலாக, கோடு போட்டுக் குத்திக்கொண்டே போனேன். மூன்று ஆள் உயரத்தில் தட்டு அளவுக்கு ஒரு ஐஸ் துண்டு பெயர்ந்தது. கீழே கயிற்றை விடக் கூடாதே என்று நின்ற தேவியின் தோளில் போய் விழுந்தது. “ஐயோ அம்மா!” என்றாள். கயிற்றை மட்டும் விடவில்லை.

நான் பதறிப்போனேன். சாய்ந்து உட்காருங்கள் என்று பயிற்சி தந்த கைடு சைகை காட்டிக் கத்தினார். உட்காரவில்லை, காலால் தடவித் தடவி நானே இறங்கினேன். அவர் லடாக்கி, ஹிந்தியில் நிறைய பேசினார். தேவி தோளைப் பிடித்துக்கொண்டே மொழிபெயர்த்தாள். “உங்க கை ஐஸை உடைக்கப் பாக்குதாம்க்கா. இங்க மாட்டணுமாம், உடைக்கக் கூடாதாம். ஒரே அடி, சத்தம் கெட்டியா கேட்டா நம்பித் தொங்கணுமாம். அப்புறம், நானே இறங்குவேன்னு அடம் பிடிச்சா நாளைக்குப் பெரிய அருவிக்கு விட மாட்டாராம்.” அதைச் சொன்னபோது அவள் முகம் வலியில் சுருங்கியது.

அன்று மிச்ச நேரம் நான் ஏறவில்லை. ஒரு பாறையில் உட்கார்ந்து மற்றவர்களைப் பார்த்தேன். நாளை தேவி வேறு யாருடனாவது சேர்ந்துகொண்டால் எனக்குக் கயிறு பிடிக்க ஆள் இல்லை. பொங்கலன்று இந்தப் பாறையில் இதே மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதை நினைத்தால் அருவியை விட அதிகமாகப் பயமாக இருந்தது.

ராத்திரி, நாங்கள் தங்கியிருந்த கிராமத்து வீட்டின் அடுப்படியில் அவள் தோளுக்குத் தைலம் தேய்த்துவிட்டேன். பாக்கு நிறத்தில் கன்றிப்போயிருந்தது. “நாளைக்கு நீ வேற யாரோடயாவது சேர்ந்துக்க, தேவி. நான் தப்பா நினைக்க மாட்டேன்” என்றேன்.

“அதென்ன பேச்சு? ஒரு ஐஸ் துண்டு விழுந்ததுக்கு ஜோடி மாத்துவாங்களா? ஆமா, பொங்கலும் அதுவுமா வீட்ட விட்டுட்டு இங்க ஏன்க்கா வந்தீங்க?”

மழுப்பத்தான் நினைத்தேன். ஆனால் போன வருஷப் பொங்கலைச் சொல்லிவிட்டேன். அரிசி அளவு, போன், எல்லாம். அவள் தோளை இன்னும் கொஞ்சம் என் பக்கம் திருப்பினாள்.

பொங்கலன்று விடிந்ததிலிருந்து தேவியின் போன் ஓயவில்லை. அம்மா, சித்தி, மாமா. “இங்க எங்க சித்தி பால் பொங்குறது, தண்ணியே உறைஞ்சு கிடக்கு!” என்று சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தம்பியிடமிருந்து கரும்பும் சூரியனும் போட்ட வாழ்த்துப் படம் ஒன்று வந்தது. போன வருஷமும் அதே படம்தான் என்று நினைக்கிறேன்.

பெரிய அருவி எண்பது அடி. சாய்ந்துதான் இறங்குவேன் என்று கைடிடம் தலையாட்டிய பிறகு, என் முறை பதினொரு மணிக்கு வந்தது. ஒரே அடி, சத்தம் கேள், தொங்கு. பாதி வரை நன்றாகவே போனேன். அதற்கு மேல் முன்னங்கை மரத்து, விரல் மடங்கவில்லை. வலது கை தன்பாட்டுக்கு டக் டக் என்று ஆரம்பித்தது. கீழே தேவி, அவளுடைய கன்றிய தோள். கையை நிறுத்திவிட்டேன். நிறுத்தியதும் க்ராம்பான் முள் மெல்ல நழுவத் தொடங்கியது. ‘டைட்’ என்று ஒரு வார்த்தை கத்தினால் போதும், வாய் வரவில்லை. என்னைப் பிடித்துக்கொள் என்று யாரிடமும் கேட்டுப் பழக்கமில்லை எனக்கு. தூக்க முடியாததை அப்படியே போட்டுவிட்டுப் போகிறவள் நான்.

“டைட்!” என்றேன். எனக்கே கேட்கவில்லை. மறுபடி, தொண்டை கிழிய, “டைட், தேவி!”

இடுப்பில் கயிறு இறுகியது. “பிடிச்சிருக்கேன்க்கா! உக்காருங்க!”

உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக முழு எடையையும் இன்னொருத்தர் கையில் கொடுத்துவிட்டு, கைகளை உதறிக்கொண்டு அந்தரத்தில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு நிமிஷம் இருக்கும். பிறகு ஏறினேன். வளையத்தைத் தொட்டபோது கீழேயிருந்து குரல் வந்தது, பள்ளத்தாக்கு முழுக்க எதிரொலித்தது.

“அக்கா! பால் பொங்கிச்சா?”

அழுதுவிட்டேன். கண்ணீர் கன்னத்திலேயே உறைந்து குத்தியது. “பொங்கிச்சுடி!” என்று கத்திவிட்டு, இரண்டு கைகளையும் விட்டுச் சாய்ந்தேன். அவள் என்னை இறக்கினாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஜனவரி, பிப்ரவரிதான் பருவம். கையுறை இரண்டு ஜோடி வேண்டும், ஏறும்போது ஒன்று நனைந்துவிடும். நம் ஊர்க்காரர்கள் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் மாடிப்படி ஏறி இறங்குங்கள், காவிரி டெல்டாவில் ஏற வேறு மேடு கிடையாது. சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போகாதீர்கள். தனியாகப் போகலாம். கயிறு பிடிக்க ஆள் கிடைப்பார்கள். ஐஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர்கள் தயவுசெய்து அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இதனால் எல்லாம் மாறிவிட்டது என்று எழுத மாட்டேன். வியாழக்கிழமை சாயங்காலம் நெடுங்காட்டில் இறங்கினேன். எங்கள் தெருவில் பொங்கல் கோலங்கள் பாதி அழிந்து கிடந்தன. பூட்டைத் திறந்தால் வீட்டுக்குள் போன வாரத்துக் காற்று. பையைக் கூட அவிழ்க்காமல் அடுப்பில் பால் வைத்தேன். பக்கத்திலேயே நின்று, பொங்கி வழிகிற வரை பார்த்தேன். தேவியைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. வேலை நேரம், அவளுக்கென்று ஆயிரம் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு அடுப்பைத் துடைத்தேன். இருட்டிவிட்டது. பாலை ஆற்றிக் குடித்துவிட்டு விளக்கை அணைக்கப் போகும்போது போன் அடித்தது.

“மீட்டிங்ல இருந்தேன்க்கா. ஏன் கூப்பிட்டீங்க? என்ன விஷயம்?”

ஒண்ணுமில்ல, சும்மாதான் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

“தனியா இருக்க முடியல, தேவி” என்றேன்.

“பிடிச்சிருக்கேன்க்கா. சொல்லுங்க.”