மாமா, வுடு!

சோரியாங்குப்பத்துப் புகழ்வேந்தனைப் பற்றிச் சொல்வதென்றால் அவன் அக்காள் இளவரசியிடமிருந்துதான் தொடங்க வேண்டும். இளவரசியை உள்ளூரிலேயே பச்சையப்பனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மறு வருஷமே அவள் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அரைக்கால் சட்டை போட்டிருந்த புகழ்வேந்தன் அக்காள் வீட்டுச் சோற்றில் வளர்ந்தான். அதனால் பச்சையப்பன் அவனுக்கு மாமன் மட்டுமில்லை, பாதி அப்பன். ஊரிலேயே அவன் குரலை உயர்த்திப் பேசாதது அவரிடம் மட்டும்தான்.

ஆனால் அவனை ஓரிடத்தில் உட்காரவைக்க அவராலும் முடியவில்லை. மதகடிப்பட்டில் செல்போன் கடை வைத்தான், மூடினான். கம்பெனி வேலைக்குப் போனான், ஷிப்ட் முடிகிற முன்னே கேட்டுக்கு வெளியே நின்றான். சிங்கப்பூருக்குப் போய், போன சுருக்கில் திரும்பினான். யாராவது பேசிக்கொண்டிருக்கும்போதே பைக்கை உதைப்பான்.

"இவனுக்குப் பொண்ணு பாக்கப் போனா, அது காபி எத்துக்கினு வர்றதுக்குள்ள இவன் தெருமுனைக்குப் போயிருப்பான்" என்பாள் இளவரசி.

அப்படிப்பட்டவன் ஒரு வருஷம் முழுக்க ஒரே காரியத்தில் நின்றான். அதுதான் கால்பந்து கிளப்.

பச்சையப்பனுடைய கொல்லையில் கரும்பு கடைசிக் கட்டையும் வெட்டி முடிந்து, வேரைக் கிளப்பிப் போட்டுவிட்டு நிலம் ஆறட்டும் என்று சும்மா விட்டிருந்தார். புகழ்வேந்தன் பையன்களைச் சேர்த்து அதைச் சமப்படுத்தி, சவுக்குக் கம்பத்தில் கோல் நட்டான். கோல் காக்கும் கோலி அவன்தான். உடம்பு கனத்த பச்சையப்பனையே கோலுக்கு முன்னால் தடுக்கிற ஸ்டாப்பராக நிறுத்தினான்.

பச்சையப்பன் ஒரு கண்டிஷன் போட்டார். "லீக்குல மேல் டிவிஷனுக்கு ஏறிட்டீங்கன்னா கொல்லைய கிளப்புக்கே வுட்டுட்றேன்டா. ஏறலன்னா தை மாசம் கரும்புக் கரணை நட்டுடுவேன். அப்பறம் அழக்கூடாது."

"ஏறுவோம் மாமா" என்றான். அன்றிலிருந்து அவனுக்குத் தூக்கமில்லை.

கோச்சாக டவுனிலிருந்து டேனியல் வந்தார். முதல் நாளே தலையில் கை வைத்துக்கொண்டார். அணியில் எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் சொந்தம். பந்தைத் தான் எடுப்பதற்காக ஒருவன் "மச்சான், வுடு!" என்று கத்தினால் மூன்று பேர் பந்தை விட்டுவிட்டு நிற்கிறார்கள். பந்து யார் காலிலும் படாமல் நேராகக் கோலுக்குள் போகிறது.

"இது டீமா, பந்திக்கு உக்காந்த கூட்டமா? மைதானத்துல மாமனும் கெடையாது, மச்சானும் கெடையாது. பேர் சொல்லிக் கூப்புடுங்கபா!" என்றார் டேனியல்.

மற்றவர்கள் சிரித்துக்கொண்டே பழகிவிட்டார்கள். புகழ்வேந்தனுக்கு மட்டும் வாய் வரவில்லை. அக்காள் புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதா?

"சரி, சட்டையில இருக்கற நம்பர் சொல்லு. அஞ்சு, வுடுன்னு சொல்லு."

பச்சையப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா சார் அஞ்சு? நான் இன்னா டவுன் பஸ்ஸா?"

கடைசியில் அவருக்கு மட்டும் 'மாமா' என்று தீர்மானம் ஆனது. வேறு யாரும் அந்த வார்த்தையை எடுக்கக்கூடாது. புகழ்வேந்தன் கோல் கம்பங்களுக்கு நடுவில் நிற்கிற ஆளில்லை. பந்து தூரத்தில் வரும்போதே ஓடிவந்துவிடுவான். "மாமா, வுடு!" என்று குரல் கேட்டதும் பச்சையப்பன் அசையாமல் ஒதுங்கிக்கொள்வார். அந்த ஒரு வார்த்தையை வைத்தே வருஷம் முழுக்கக் காலம் தள்ளினார்கள்.

வில்லியனூரில் கடைசி ஆட்டம். எதிரே மதகடிப்பட்டு. டிரா ஆனாலே சோரியாங்குப்பம் மேலே ஏறிவிடும். மதகடிப்பட்டில்தான் பச்சையப்பனின் தங்கச்சி செல்வகுமாரி வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் மகன் திலீப்தான் அந்த அணியின் முன்னாட்டக்காரன்.

ஆட்டம் முடிகிற நேரம் வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. புகழ்வேந்தன் கோலுக்கும் நடுக்கோட்டுக்கும் அலைந்துகொண்டிருந்தான். அப்போது உயரமாக ஒரு பந்து வந்தது. பச்சையப்பன் தலையால் முட்டக் காலை ஊன்றினார். அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது:

"மாமா, வுடு!"

பச்சையப்பன் ஒதுங்கிக்கொண்டார். ஆனால் புகழ்வேந்தன் வாயே திறக்கவில்லை. திலீப் உள்ளே புகுந்து பந்தைத் தட்டிவிட்டான். கோல்.

புகழ்வேந்தன் ரெப்ரியிடம் பாய்ந்தான். எதிரணி ஆளை ஏமாற்றக் குரல் கொடுப்பது குற்றம், அது நிஜமானால் கோல் செல்லாது. ஆனால் கூட்டத்தின் கூச்சலில் யார் குரல் என்று ரெப்ரிக்குத் தெரியவில்லை. பச்சையப்பனைப் பார்த்தார்.

"சொல்லு மாமா! அவன்தான் கத்துனான்னு சொல்லு!"

திலீப் தலையைக் குனிந்துகொண்டு, "எங்க மாமாவ நான் மாமான்னு கூப்புடக் கூடாதா?" என்றான்.

பச்சையப்பன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருத்தன் அவர் வளர்த்தவன். ஒருத்தன் அவர் மடியில் வைத்துக் காது குத்திய பிள்ளை.

"குரலு கேட்டுச்சி சார். வுட்டுட்டேன். யாருதுன்னு திரும்பிப் பாக்கல" என்றார்.

கோல் செல்லும் என்று ரெப்ரி விசில் ஊதினார்; ஆட்டமும் முடிந்தது. அவ்வளவுதான் கிளப்.

"மாமா, நீ எல்லாம்..." என்று புகழ்வேந்தன் திட்டத் தொடங்கினான். திட்டுவதற்கும் அந்த 'மாமா'தான் முதலில் வந்து குறுக்கே நின்றது. பைக்கை உதைத்துக்கொண்டு போய்விட்டான்.

தை பிறந்தது. பச்சையப்பன் சொன்னபடி கரணை நட்டார். புகழ்வேந்தன் அக்காள் வீட்டுப் பக்கம் வரவேயில்லை. பிள்ளைச்சாவடிக் கடற்கரையில் பார்த்தேன், வெளிமேட்டில் பார்த்தேன் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பச்சையப்பனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கொல்லையிலேயே கிடந்தார்.

ஒரு நாள் வரப்போரம் பைக் வந்து நின்றது. இன்ஜினை அணைக்கவில்லை.

"பிள்ளைச்சாவடியில ஒரு எடம் பாத்துருக்கேன். மணலுதான். செம்படவப் பசங்க ஆடறானுங்க, நல்லா வர்றானுங்க."

பச்சையப்பன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டார். "கோலி நீதானா?"

"பின்ன?"

"ஸ்டாப்பரு யாருடா?"

"யாரா இருந்தா இன்னா? எனக்கு எந்த மொறையும் ஆவாதவன். பேர் சொல்லிக் கத்துவேன்."

பச்சையப்பன் மண்வெட்டிக் காம்பில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டினார். பிறகு, "வூட்டுக்குப் போய் அக்காவப் பாத்துட்டுப் போடா. நெதம் ரெண்டு ஆளு சோறு மிச்சம் ஆவுது" என்றார்.

"ஆட்டும் மாமா" என்று சொல்லி முடிக்கும்போதே பைக் வரப்பு தாண்டியிருந்தது. ஊர்ப் பக்கம் திரும்புகிறதா, மெயின் ரோட்டுக்குப் போகிறதா என்று பச்சையப்பன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு எட்டி எட்டிப் பார்த்தார்.