தோணியில் ஏறிய மெத்தை

உப்புச் சத்தியாக்கிரகம் நடந்த வருஷம், கார்த்திகை மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடித்து வந்த என் கணவர், படியேற முடியாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். நெஞ்சுக்குள் யாரோ சீட்டி அடிப்பதுபோல் சத்தம். கேட்டதற்கு, "தூசி" என்றார். ஐப்பசியிலும் அதையேதான் சொன்னார்.

ஆம்பூரில் எங்களுக்குத் தோல் பதனிடும் தொழில். பதனிடும் இடத்தை ஷாப்பு என்போம். ஆவாரம்பட்டை இடிக்கும் இடத்தில் தூசிக்குக் குறைவில்லை. வீட்டு வாசலில் ஏது பட்டைத் தூசி என்று நான் கேட்டால் அவருக்குக் கோபம் வரும்.

மார்கழியில் வேலூருக்கு அழைத்துப் போனேன். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, ஆஸ்துமா (மூச்சுக்குழல்கள் சுருங்குவதால் வரும் இழைப்பு) என்றார். இழைப்பு ஏறும்போது கொளுத்திப் புகை பிடிக்க ஊமத்தை இலைப்பொடி கொடுத்தார்.

"ரெண்டு மாசம் ஷாப்புப் பக்கமே போவாதீங்க. கடல் காத்துல போய் இருங்க. எது ஒத்துக்கலன்னு அப்பதான் தெரியும்."

"பக்ரீத்துக்குள்ள திரும்பிடலாமா டாக்டர்?"

என் கணவருக்கு அது ஒன்றுதான் கேள்வி. எங்களுக்குத் தோல் குவியும் காலம் பக்ரீத்.

என் தாய்மாமனுக்கு நாகப்பட்டினத்தில் ஒரு பாய்மரத் தோணி இருந்தது. ஓடு ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் போய்வரும். கரையில் ஒரு வீடு பார்ப்போம் என்றேன்.

"தோணியிலயே இருந்துட்டா காத்து ஜாஸ்தி. சீக்கிரம் சொஸ்தமாயிடும்" என்றார் இவர். மூச்சையும் மொத்தமாகக் கொள்முதல் செய்யலாம் என்று நினைக்கிற மனிதரிடம் என்ன பேசுவது?

நோன்புப் பெருநாள் முடிந்த மறு வாரம் ஏறினோம். கூடவே அவருடைய மெத்தையும் ஏறியது. தம் கையால் பதனிட்ட ஆட்டுத்தோலை உறையாகத் தைத்து, சுண்ணாம்புத் தொட்டியில் கழிந்த ஆட்டு மயிரை அலசி உள்ளே அடைத்தது. தோல்காரர் வீட்டைத் தவிர வேறெங்கும் இப்படி ஒரு மெத்தையைப் பார்க்க முடியாது.

தோணியை நடத்துகிற தண்டல் அதைச் சுற்றி வந்து பார்த்தார். "மொதலாளி, ஆட்டையே ஓட்டியாந்திருக்கலாம். தானா நடந்து ஏறியிருக்கும்."

"இலவம்பஞ்சு ஈரத்த இழுக்கும். இது தோலு. சொட்டுத் தண்ணி எறங்காது" என்றார் இவர்.

பின்பக்கம் பழைய பாய்த்துணியைக் கட்டி எங்களுக்கு ஒரு மறைப்பு செய்து கொடுத்தார்கள். அதற்குள் நிமிர்ந்து நிற்க முடியாது. குடிநீர் அளந்துதான் கிடைக்கும். கடல்நீரில் துவைத்த துணி காய்ந்தாலும் பிசுபிசுக்கும். மணல் பெட்டியில் மூட்டிய அடுப்பில் கஞ்சி கொதிக்கும்போது தோணி சாயும். பானையைப் பிடிப்பதா, என் வாந்தியை அடக்குவதா என்று தெரியாது. இவருக்குக் கடல் ஒன்றும் செய்யவில்லை. பகலெல்லாம் மேல்தட்டில் உட்கார்ந்து, எந்தக் கயிற்றை எப்படி இழுப்பது என்று பிறந்ததிலிருந்து கடலில் இருப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

ஆனால் மறைப்புக்குள் வந்து படுத்தால் இழைப்பு. ஊரில் இருந்ததைவிட மோசம். உதடு நீலம் பாய்ந்தது. ஊமத்தைப் பொடி வேகமாகத் தீர்ந்தது. அவர் என் சமையலைக் குறை சொன்னார். நான் கடலைக் குறை சொன்னேன்.

பங்குனியில் ஒரு நாள் அலை ஏறி மறைப்பு முழுக்க நனைந்தது. மெத்தையை மேலே கொண்டுபோய்ப் போட்டார்கள். அது காயும்வரை அவர் வெறும் பாயில் படுத்தார். இழைப்பே வரவில்லை. மெத்தை திரும்பி வந்தது. பெருமையாகத் தட்டிப் படுத்தார். சோறு வடிப்பதற்குள் சீட்டிச் சத்தம் தொடங்கிவிட்டது.

உறையின் தையலைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே மயிரெல்லாம் பூஞ்சை. தொட்டதும் தூளாகப் பறந்தது.

"ஏங்க, இதாங்க உங்களுக்கு ஒத்துக்கல. தூக்கிப் போடுங்க."

"இன்னா பேசற நீ? நம்ம கையால பதம் பண்ணது."

"அதனாலதான் சொல்றேன்."

"மெத்த ஒத்துக்கலன்னா ஷாப்பும் ஒத்துக்கலன்னு ஆயிடும். பக்ரீத்துக்கு நான் போய் இன்னா பண்ணுவேன்? வேடிக்க பாக்கவா?"

மறுநாள் காலையில் தாமே கத்தியை வாங்கி, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, மயிரைக் கை கையாக அள்ளிக் கடலில் போட்டார். உறையை மட்டும் விடவில்லை.

"மொதலாளி, அதைக் குடுங்க. பாய்மரத்துல கயிறு தேயிற எடத்துக்குச் சுத்திக்கிறேன்" என்றார் தண்டல்.

கொடுத்தார். காற்று வரும் பக்கமாகத் தள்ளி உட்கார்ந்து, எந்தப் பக்கம் மடித்துச் சுற்ற வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்.

சித்திரை பிறந்ததும் திரும்பினோம். வேலூர் டாக்டரும் நான் சொன்னதையே சொன்னார்; இனி ஷாப்பும் ஆகாது என்றார். அவர் சொன்னபோது இவர் தலையாட்டினார். அந்தப் பக்ரீத்தில் தோல் எடுத்தது என் கொழுந்தன். இவர் வீட்டுக்குள் உட்கார்ந்து, தெருவில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் என்னிடம் சண்டை போட்டார்.

இழைப்புக்காரரோடு வாழ்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். இது முழுதாகப் போகிற நோயில்லை. ஒவ்வாததை விலக்கினால் அடங்கிக் கிடக்கும். மூச்சு தானாக வந்துபோகும் என்று நம்பியிருந்த காலம் எங்களுக்கு முடிந்துவிட்டது.

இப்போது ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டு, பட்டுடுத்தி நிற்கிறேன். நிக்காஹ் பத்து மணிக்கு. இவர் வாசலில் நின்று, எதிர்வீட்டுப் புகை சாயும் திசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தோல் பதனிடும் பக்கமிருந்துதான் காற்று வருகிறதாம்.

"மணி ஆவுதுங்க."

"மணி கெடக்கு. காத்து திரும்பட்டும், உக்காரு."

உட்கார்ந்தேன்.