கணிப்பொறிக்குக் கட்டிய கைலி

கடந்த சனிக்கிழமை எங்கள் இல்லத்தில் ஒரு கணிப்பொறிக்குக் கைலி கட்டினோம்.

நீங்கள் சரியாகத்தான் படித்தீர்கள். நீலக் கட்டம் போட்ட, கஞ்சி கலையாத புதுக் கைலி. கட்டியவர் என் துணைவியார் மரகதம். கட்டச் சொன்னவன் நான்.

வாரந்தோறும் இந்தப் பத்தியில் சொற்களின் பிறப்பையும் பிழையையும் பேசுகிறவன், ஒரே ஒரு சொல்லில் இப்படிச் சறுக்கி விழுந்ததை மறைத்துவிடலாமா என்றும் எண்ணினேன். ஆனால் அடுத்த வாசலில் உணவகம் நடத்தும் ரஹ்மான் பாய் பார்த்துவிட்டார். கோலசிலாங்கூரில் ரஹ்மான் பாய் பார்த்த செய்தி, தேநீர் ஆறுவதற்குள் பேருந்து நிலையம் வரை போய்விடும். நானே எழுதிவிடுவது நலம்.

என் மகள் அமுதவல்லி தோட்ட அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவள். நிலையான வேலை. மாதம் தவறாத ஊதியம். அதை அவள் அண்மையில் விட்டுவிட்டாள். கோலாலம்பூரில் மூடப்பட்ட ஓர் அலுவலகத்திலிருந்து கணிப்பொறி ஒன்றைத் தன் சேமிப்பு முழுவதையும் கொடுத்து வாங்கி வந்தாள். எங்கள் வீட்டு முன்கூடத்தில் கணிப்பொறி வகுப்பு நடத்துவது அவள் திட்டம். பத்தாங் பெர்ஜுந்தாய்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து இளம்பெண்கள் பேருந்தேறி வந்து பெயர் கொடுத்துப் போனார்கள். திங்கட்கிழமை தொடக்கம் என்று முடிவாயிற்று.

விடைபெறும் நாளில் தோட்ட மேலாளர் ஒன்று சொன்னாராம் — மாதக் கடைசி வரை உன் நாற்காலி காலியாகவே இருக்கும் என்று. வீட்டுக்கு வந்து அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் தாயும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அந்த நாற்காலியை மனத்துக்குள் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை எலி வந்தது.

எங்கள் கொல்லை முடிகிற இடத்தில் செம்பனை என்னும் எண்ணெய்ப்பனைத் தோட்டம் தொடங்குகிறது. செம்பனைப் பழம் தின்று கொழுத்த எலிகளுக்கு எங்கள் வீடு ஓர் ஓய்வில்லம். கணிப்பொறியின் முதுகுப்புறத்தில் ஒரு தகட்டுமூடி விடுபட்டிருந்தது. அந்த இடுக்கின் வழியே உள்ளே நுழைந்த எலி, அங்கிருந்த மின்கம்பிகளைப் பதம் பார்த்துவிட்டது. காலையில் மேசைமேல் கிடந்த எலிப்புழுக்கையைக் கண்டு, அமுதா விசையைத் தட்டுமுன்பே மூடியைக் கழற்றினாள். நல்ல வேளை.

எட்டிப் பார்த்தேன். மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் பெட்டியை — அதற்கு மின்வழங்கி என்று பெயர் சூட்டியிருக்கிறேன், மகள் பவர் சப்ளை என்றே சொல்கிறாள் — அந்தப் பெட்டியை விட்டுக் கொத்தாக வெளியேறும் கம்பிகளில் சிலவற்றின் மேல்தோல் உரிந்திருந்தது. உள்ளே செம்பு மின்னியது. ஒரு செம்பு இன்னொரு செம்பைத் தொட்டால் போதுமாம். தாய்ப்பலகை, மகள் மொழியில் மதர்போர்டு, கருகிவிடுமாம். தாய்ப்பலகை போனால் இன்னொன்று வாங்க எங்களுக்கு வழியில்லை. வகுப்பும் இல்லை.

"நானே சரி பண்ணிடுறேன்பா. ஒவ்வொரு வயர் மேலயும் ஒரு ட்யூப்ப மாட்டி சூடு காட்டுனா, சுருங்கி நல்லா புடிச்சுக்கும். நான் படிச்ச கம்ப்யூட்டர் இன்ஸ்டிடியூட்ல பார்த்திருக்கேன்."

"பார்த்திருக்கிறாய். செய்திருக்கிறாயா?"

"இல்ல."

"பிறகு?"

"பிறகு என்னா? இப்ப செய்யப் போறேன்லா."

நான் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். மாலையில் ஆலைப்பக்கம் இயந்திரம் உறுமினால் விளக்கு எரியும்; உறுமல் நின்றால் அணையும். விளக்கின் விசையைத் தொடுவதற்குக்கூட வீட்டின் மூத்தவர்தான் எழுவார். கரண்டைத் தொடாதே என்பதைக் கேட்டபடியே நடை பழகிய தலைமுறை எங்களுடையது. இத்தனை நூல்களைப் படித்த பிறகும், ஈரக் கையைத் துடைக்காமல் மின்விசிறியின் அருகே நான் போவதில்லை. இவளோ அந்த மின்சாரத்தின் குடலையே கையில் எடுக்கிறேன் என்கிறாள். நான் எப்படி உறங்குவேன்?

வேறு வழி இல்லாமலா இருந்தது? இருந்தது. கணிப்பொறியை விற்றுக்கொடுத்த லிம் என்பவர் கோலாலம்பூரில் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். அமுதா கேட்டபோது, கொண்டு வந்து வைத்தால் ஒரு வாரம் ஆகும் என்று சொல்லிவிட்டார்.

ஒரு வாரம்! முதல் நாளே வகுப்பு இல்லையென்றால், வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வருகிற தோட்டத்துப் பெண்கள் மறுபடி வருவார்களா? வாசல் வரை வந்து திரும்பியவர்களை இரண்டாம் முறை அழைப்பது எவ்வளவு கடினம்! இது அமுதாவின் கணக்கு. கம்பியில் கை வைத்து எல்லாம் கருகினால், அதன் பிறகு வாரக் கணக்கே கிடையாது என்பது என் கணக்கு. இரண்டு கணக்குகளும் சரியாகவே இருந்தன. அதுதான் தொல்லை.

"காத்திரு அம்மா. ஒரு வாரத்தில் என்ன குடி மூழ்கிவிடும்?" என்றேன்.

"உங்களுக்கு எதுவும் மூழ்காதுப்பா. நீங்கதான் தண்ணிப் பக்கமே போகமாட்டீங்களே!"

மரகதம் அடுக்களையில் சிரித்தது கூடம் வரை கேட்டது.

சனிக்கிழமை காலை, சுருங்கும் குழாய் வாங்க அமுதா கிள்ளானுக்குப் பேருந்து ஏறினாள். பேருந்து மறைந்ததும் தொலைபேசியை எடுத்தேன். லிம்முக்குத்தான். மகளுக்குத் தெரியாமல்.

அவருக்குத் தமிழ் தெரியாது. நாங்கள் சந்தை மலாயில் பேசிக்கொண்டோம். நடந்ததைச் சொல்லி, வீட்டிலேயே கை வைப்பது ஆபத்தில்லையா என்று கேட்டேன். தொலைபேசிக் கம்பியில் இரைச்சல். அதன் நடுவே அவருடைய விடை வந்தது:

"சேனாங் சாஜா, அங்கிள்! காசி சாரோங் டுலு. லெப்பாஸ் இத்து, போலே ஓன்."

எளிதுதானாம். முதலில் சாரோங் — நம் கைலி — போட வேண்டுமாம். அதன்பின் முடுக்கலாமாம். இவ்வளவு சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

எதற்குச் சாரோங் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? என் அறிவுக்கு அது தெளிவாகவே பட்டதனால்! எலி நுழைந்ததனால் வந்த வினை. ஆகவே எலி நுழையாதபடி துணியால் போர்த்த வேண்டும். நம் வீடுகளில் தொலைக்காட்சிக்குப் பூப்போட்ட திரை இல்லையா? தொலைபேசிக்குச் சரிகை வைத்த குல்லா இல்லையா? கணிப்பொறிக்கு ஒரு கைலி. இதில் என்ன வியப்பு?

"கம்ப்யூட்டருக்கா? கைலியா?" என்றாள் மரகதம்.

"லிம் சொன்னார்."

"அவரு படிச்சவரு, சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா உங்க கைலியெல்லாம் கிழிசலுங்க. நாலு பேரு வந்து போற எடத்துல கிழிசலயா கட்டி வைக்கிறது?"

தீபாவளிக்கென்று எடுத்து வைத்திருந்த புதுக் கைலி பெட்டியிலிருந்து வெளியே வந்தது. கணிப்பொறியின் திரையையும் பெட்டியையும் சேர்த்து, இடுப்பில் கட்டுவது போலவே மடித்துச் செருகினாள். பார்க்கவும் பாங்காகவே இருந்தது.

அந்த வேளையில்தான் ரஹ்மான் பாய் வாசலில் நின்றார். கூடத்தை ஒரு பார்வை பார்த்தார். கண்களைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"என்னா ஐயா, கம்ப்யூட்டருக்கு சுன்னத்துக் கல்யாணமா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா பிரியாணி போட்டிருப்பேன்லா!"

"எலிக்காக, பாய்."

"எலிக்கா சுன்னத்து?"

அவர் சிரித்த சிரிப்பில் எனக்குச் சினம் வந்தது. மரகதத்துக்கோ ஆர்வம் மிகுந்துவிட்டது. கைலிதான் கட்டியாயிற்றே, விசையைப் போட்டுப் பார்க்கலாமா என்று சுவர்ப்பக்கம் கை நீட்டினாள். "வேண்டாம்! அமுதா வரட்டும்!" என்று கூவினேன். என் அச்சம் என் வாழ்நாளில் செய்த நன்மைகள் மிகச் சில. அவற்றுள் இது தலையாயது. தோலுரிந்த கம்பிகள் அப்படியேதானே உள்ளே கிடந்தன!

நண்பகலில் அமுதா வந்தாள். கையில் ஒரு சிறு பை. கைலியைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். நான் லிம் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் ஒப்பித்தேன். சிரித்தாள். சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"அப்பா! சாரோங் பந்தால்னா தலகாணி ஒற. சாரோங் தாங்ஙான்னா கையொற. அவரு வயருக்கு ஒற போடச் சொல்லியிருக்காரு. வயருக்கு!"

உறை! வாளுக்கு உறை, தலையணைக்கு உறை, நூலுக்கு மேலுறை என்று எத்தனை பேருக்குப் பாடம் நடத்தியிருப்பேன். மலாயில் அந்தச் சொல்லுக்கு அத்தனை பொருளும் உண்டென்பது எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் பதறுகிற மனத்துக்கு அகராதி திறப்பதில்லை.

அவள் சிரிப்பு சட்டென்று நின்றது.

"லிம்முக்கு எதுக்குப்பா போன் பண்ணீங்க?"

"சும்மா... ஒரு கருத்துக் கேட்கத்தான்."

"செய்யாதேன்னு சொல்லுவாருன்னுதானே பண்ணீங்க?"

நான் கைலியின் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்த நாற்காலி காலியாத்தானே இருக்கு, மெசின் கெட்டா புள்ள திரும்பிப் போயிடும்னு நெனச்சீங்க. இல்ல? அது வேணாம்னு நேத்தே மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன்பா. வேற ஆளப் போட்டாச்சு."

மரகதத்துக்கும் இது புதுச் செய்திதான். குனிந்து கைலியை அவிழ்த்து மடித்தாள். "நூல் பெட்டிய எடுத்தாரவா? வயருக்கு வயரு கலர் நூல் கட்டி வச்சா மாறாதுல்ல?" என்றாள். அமுதா தலையசைத்தாள்.

இவ்வாறாக, செய்வதா வேண்டாமா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. என்னை யாரும் கேட்கவில்லை.

வேலை தொடங்கியது. கம்பிகளின் முனையிலுள்ள நெகிழிக் கொண்டையிலிருந்து ஊசி போன்ற முனைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். கறுப்புக் குழாயைத் துண்டாக நறுக்கி, உரிந்த இடத்தை மூடும்படி ஏற்ற வேண்டும். மெழுகுவத்திச் சுடரைச் சற்றுத் தள்ளிப் பிடித்துச் சூடு காட்ட வேண்டும். அதிகம் காட்டினால் கருகும், குறைத்தால் நழுவும். பிறகு அதே முனையை அதே துளையில் செருக வேண்டும். முதல் குழாய் சுருங்கிக் கம்பியைக் கவ்வியபோது, அது அளந்து தைத்த சட்டைக்கை போலவே பொருந்தியது. ஒப்புக்கொள்கிறேன், அழகாக இருந்தது.

ஆனால் நான் வாய் மூடி நின்றேனா? "சுடர் கிட்டே போகிறது... அந்தச் சிவப்புக் கம்பி இந்தத் துளைதானா? மறுபடி பார்... மரகதம், டார்ச்சை ஆட்டாதே!" மரகதம் ஆட்டவே இல்லை.

இறுதிக் கட்டம் வந்தது. மின்வழங்கியிலிருந்து தாய்ப்பலகைக்குப் போகும் கொண்டைகள் இரண்டு. இரட்டைப் பிள்ளைகள் போல ஒரே அச்சு. இரண்டையும் அருகருகே செருகும்போது கறுப்புக் கம்பிகள் நடுவில் ஒன்றையொன்று பார்த்து நிற்க வேண்டுமாம். இடம் மாறினால், விசையைத் தட்டிய கணமே எல்லாம் முடிந்ததாம். அவளே இதைச் சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது. நான் அவள் தோளுக்கு மேல் குனிந்து, "கறுப்பு நடுவில்தானே? நிச்சயமாக நடுவில்தானே?" என்றேன்.

அவள் விரல்கள் நடுங்கின. கொண்டை துளையைத் தவறவிட்டு வழுக்கியது.

கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்பா. வெளிய போங்க."

"நான் ஒன்றும் —"

"நீங்க பக்கத்துல நின்னா எனக்குக் கை நடுங்குது. அது வரைக்கும் நடுங்கலப்பா."

"உன் அம்மா மட்டும்?"

"அம்மா பேசாம டார்ச் புடிக்கிறாங்க."

வெளியே வந்தேன். கதவு எனக்குப் பின்னால் சாத்தப்பட்டது. தெருவில் லோரி ஒன்று செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு போனது. ரஹ்மான் பாய் தம் கடையிலிருந்து ஏதோ சைகை காட்டினார். எனக்குப் பார்க்கத் தோன்றவில்லை. காதுகளைக் கதவில் வைத்துவிட்டு உடலோடு மட்டும் வெளியே நின்றேன். அவளுக்கான அச்சம் என்று இத்தனை நாள் நான் நினைத்திருந்தது எவருக்கானது? அவள் கையில் நடுங்கியது யார்?

உள்ளே 'டக்' என்று விசை ஒலித்தது.

பிறகு மெல்லிய காற்றாடி இரைச்சல். அதன்பின் ஒன்றுமில்லை. நெடுநேரம் ஒன்றுமில்லை. ஏன் இத்தனை மௌனம்? கருகிய வாடை வருகிறதா? மூச்சை இழுத்துப் பார்த்தேன். பாய் கடைத் தாளிப்பு வாடைதான் வந்தது.

'பீப்.'

ஒரே ஒரு முறை. அவ்வளவுதான்.

அது என்ன பொருள்? வாழ்த்தா, ஓலமா? எந்த இலக்கண நூலில் தேடுவேன்? பொறுக்க முடியாமல் சன்னலருகே போய்க் கேட்டேன்:

"அம்மா அமுதா... அது நல்ல பீப்பா, கெட்ட பீப்பா?"

உள்ளே தாயும் மகளும் சேர்ந்து சிரித்தார்கள்.

"நல்ல பீப்புதான்பா!"

கதவைத் தள்ளக் கை போனது. தள்ளவில்லை. உள்ளே அவர்கள் இருவரும் எதையோ பார்த்து வியந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அழைக்கும்வரை அங்கேயே நின்றேன்.

பிள்ளைக்குத் துணை நிற்பது என்றால் சில வேளைகளில் வாசலுக்கு வெளியே நிற்பதுதான் — என்ன செய்வது, எங்களைப் போன்றவர்களுக்கு அதையும் வாய்விட்டுச் சொல்லித்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது!