என் வயிற்றில் கல் இருந்ததேயில்லை

எனக்குப் பித்தப்பையில் கல் என்று ஆரையம்பதியில் யாராவது இன்னும் சொல்லித் திரிந்தால், அது பச்சைப் பொய். எனக்கு வந்தது சதையியில் ஒரு கட்டி. இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்து கிடக்கும் அந்தச் சதையியைக் கணையம் என்றும் சொல்வார்கள். அதன் வால்பக்கத்தை வெட்டி எடுக்க வேண்டுமென்று மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள்.

கொழும்பில் டொக்டர் படம் கீறி விளங்கப்படுத்தினார். அந்த வாலோடு ஒட்டியபடிதான் மண்ணீரல் இருக்கிறதாம். அதற்குப் போகும் இரத்தக்குழாய் சதையியை உரசிக்கொண்டே ஓடுவதால், சில வேளை இரண்டையும் சேர்த்தே எடுக்க வேண்டி வருமாம். மண்ணீரல் போனால் தடுப்பூசிகள் போட வேண்டும், காய்ச்சல் என்றாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். "காப்பாத்தப் பாப்பம்," என்றார். என் கணவருக்கு அதொன்றும் காதில் ஏறவில்லை. "வயித்தப் பெரிசா வெட்டாமச் செய்யேலாதா டொக்டர்? கமராவால செய்யிறாங்களாமே?" என்று திரும்பத் திரும்பக் கெஞ்சினார். இத்தனை வருடத்தில் எனக்காக அவர் யாரிடமும் அப்படி நின்றதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன மடைச்சி நான்!

கமராவால்தான் செய்தார்கள். வயிற்றில் நாலு சின்னத் துளைகள். கட்டியைப் பழைய சிசேரியன் தழும்பு வழியாகவே வெளியே எடுத்தார்கள். என் ஒரே மகளை எடுத்த அதே இடம். மண்ணீரல் தப்பிவிட்டது. கட்டியும் கெட்டதாக இருக்கவில்லை, ஆனால் விட்டால் கெட்டுப்போகக்கூடிய சாதி என்றார் டொக்டர். "வெளியில சின்னக் காயம், உள்ளுக்குப் பெரிய ஒப்பரேசன். பாரம் தூக்காதீங்க. வருசா வருசம் ஸ்கேனுக்கு வாங்க, விட்டிராதீங்க," என்று சொல்லி அனுப்பினார்.

மகளுக்குக் களுதாவளையில் சம்பந்தம் பேசி முடித்திருந்தோம். மாப்பிள்ளைக்குக் கட்டாரில் வேலை. லீவு கிடைத்ததும் கலியாணம். நான் வீடு வந்ததும் மாப்பிள்ளையின் தாய் பார்க்க வந்தார். வந்து இருந்தவர் கைப்பைக்குள்ளிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்தார். உள்ளே மிளகு மாதிரிக் கறுத்த கற்கள்.

"இது என்ட பித்தப்பையில எடுத்த கல்லு மச்சாள். எனக்கும் நாலு ஓட்டைதான். உங்கட கல்லையும் காட்டுங்களன், பாப்பம்!"

எனக்குத் தலையும் விளங்கவில்லை, காலும் விளங்கவில்லை. என்ன கல்? கணவரைப் பார்த்தேன், அவர் கூரையைப் பார்த்தார். அந்த நேரம் மகள் தேத்தண்ணீரோடு வந்தாள்.

"அம்மாட கல்லு அஞ்சு, மாமி. ஆஸ்பத்திரியிலயே எறிஞ்சிட்டாங்க."

ஒரு சொல் தடக்கவில்லை அவளுக்கு.

சம்பந்தி போன பிறகு இருவரையும் பிடித்துக் கேட்டேன். கட்டி என்றால் கான்சர் என்பார்கள், தாய்க்கு வந்தது மகளுக்கும் வரும் என்பார்கள், சம்பந்தம் குழம்பிவிடும் என்றார்கள். ஆகவே நான் கொழும்புக்குப் போகுமுன்பே ஊருக்குக் கல்லென்று சொல்லியாகிவிட்டது. வயிற்றை நீளமாக வெட்டியிருந்தால் ஒருத்தரும் நம்பியிருக்க மாட்டார்கள். கல்லெடுத்த பெண்களுக்கெல்லாம் நாலு சின்னத் தழும்புதானே. அந்த மனிசன் டொக்டரிடம் எதற்காகக் கெஞ்சினார் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. நான் அதை அன்பு என்று நினைத்து அழுதிருக்கிறேன்.

அதற்குப் பிறகு நான் கல்லெடுத்தவளாகவே நடமாடினேன். "கல்லெடுத்து ஒரு மாசத்தில நான் மா இடிச்சன்," என்று சம்பந்தி வரும்போதெல்லாம் சொல்வார். தண்ணீர் வாளியைத் தூக்க மாட்டேன் என்றால், வேலைக்கள்ளி என்பது போல ஒரு பார்வை. சதையியில் பாதி போனதால் எனக்குச் சீனி வியாதியும் தொடங்கியிருந்தது; அதைப் பார்க்கும் மெசினைக் கணவர் சேலை அடுக்குக்குள் ஒளித்து வைத்தார். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து குடியிருப்பார், வீடும் மகளுக்குத்தான். ஆக, சாகும்வரை என் வீட்டுக்குள்ளேயே நான் நடிக்க வேண்டும்.

ஸ்கேனுக்கு வரச் சொன்ன நாள் கலியாண வேலைகளுக்குள் வந்து விழுந்தது. கொஞ்ச நாளாக இடப்பக்கம் மறுபடி நொந்துகொண்டும் இருந்தது. கணவரிடம் சொன்னேன்.

"வாய்வா இருக்கும். கல்லெடுத்த ஆளுக்குக் கொழும்பில என்ன ஸ்கேன் எண்டு கேப்பாங்க. கலியாணம் முடியட்டும்," என்றார்.

நான் கேட்கவில்லை. அன்று காலை பையைக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டேன். மகள் வாசலில் மறித்தாள்.

"இப்ப நீங்க போனா கலியாணம் நிண்டிரும் அம்மா."

"நான் செத்தாலும் நிக்குந்தானே மகள்?"

"செத்தா ஒரு வருசம் தள்ளி வைப்பாங்க. கான்சர் எண்டா வேணாமெண்டே போயிருவாங்க."

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினாள். என் கையைப் பிடித்து அழுதாள். கோபத்தில் உளறியிருந்தால் நான் மறந்திருப்பேன். ஆனால் அவள் முன்பே யோசித்துப் பார்த்திருக்கிறாள். பெற்ற தாய் செத்தால் என்ன ஆகும், கான்சரோடு இருந்தால் என்ன ஆகும் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எது பரவாயில்லை என்றும் கண்டுபிடித்திருக்கிறாள். கையை விலக்கிவிட்டு றோட்டுக்கு நடந்தேன்.

பஸ்ஸில் எங்கள் ஊர்ப் பெண்ணொருத்தி தள்ளி இருந்து இடம் தந்தாள். பையைப் பார்த்துவிட்டு, "என்னகா, கல்லுத் திரும்பவும் வந்திட்டா?" என்று கேட்டாள்.

"கல்லில்ல," என்றேன், பஸ் முழுக்கக் கேட்கும்படி. "கட்டி."