காலி வண்டிக்கு டீசல் உண்டு

போன வாரம் என் மச்சான் ஏழுமலையை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்துப் போனேன். விழுப்புரத்திலிருந்து ஒலக்கூர். ஒரு மணி நேரப் பயணம்தானே? எங்களுக்கு இரண்டு நாள் ஆயிற்று!

ஏழுமலை என் மனைவியின் தம்பி. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை ஏற்றும்போது டிராக்டரிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. போன் செய்த கொஞ்ச நேரத்தில், ஒலக்கூரிலேயே நிற்கும் இலவச ஆம்புலன்ஸ் வந்தது. அரசு காப்பீட்டு அட்டையில் ஆபரேஷனும் முடிந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன்... அவசரப்பட்டுவிட்டேன்.

டிஸ்சார்ஜ் அன்று நர்ஸம்மா சொன்னார்: "காலைத் தரையில ஊனவே கூடாதுங்க."

சரி, வீட்டுக்கு எப்படிப் போவது?

"அது நீங்கதான் பாத்துக்கணும் சார்."

வாசலில் அதே ஆம்புலன்ஸ், அதே டிரைவர்! வேறு யாரையோ இறக்கிவிட்டு, காலியாக ஒலக்கூருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஓடிப்போய்க் கேட்டேன்.

"எனக்கு மட்டும் ஆசையில்லையா சார்? காலியா போனா யாரும் கேக்கமாட்டாங்க. இவரை ஏத்திக்கினு போனா மெமோ குடுப்பாங்க. எமர்ஜென்சிக்கு மட்டுந்தான் வண்டி."

டீசலும் சம்பளமும் நம் வரிப்பணம். வருவதற்கும் உண்டு, திரும்பிப் போவதற்கும் உண்டு. ஆள் மட்டும் திரும்பக் கூடாதாம்! இந்தத் திட்டத்தைப் போட்டவர்கள் யாரும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் திரும்பியதே இல்லையா?

"கார் தண்டச் செலவு மாமா. பஸ்ஸுல போய்க்கலாம்" என்றான் ஏழுமலை. நானும் தலையாட்டினேன் — என் புத்தி! ஆட்டோவில் பஸ் ஸ்டாண்ட் போனோம். அவனைத் தூக்கிப் படியேற்றுவதற்குள் மூன்று பஸ் கிளம்பிவிட்டது. கொளுத்தும் வெயில். காலையிலிருந்து சாப்பிடாதவன், அப்படியே மயங்கி என் மேல் சாய்ந்தான்.

யாரோ போன் போட்டார்கள். பத்தே நிமிடத்தில் வேறொரு ஆம்புலன்ஸ்! இப்போது எமர்ஜென்சி ஆயிற்றே? படுக்க வைத்து, சைரன் போட்டு, பறந்தார்கள்.

எங்கே? நாங்கள் கிளம்பிய அதே ஆஸ்பத்திரிக்கு!

கண் விழித்த ஏழுமலை, மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தான்.

"வூடு வந்துட்டமா மாமா?"

அழுவதா, சிரிப்பதா என்று தெரியவில்லை.

மறுநாள் பேசாமல் வாடகைக் கார் பிடித்தேன். பின்சீட்டில் காலை நீட்டிக்கொண்டான். திண்டிவனம் தாண்டியதும் எங்களுக்கு முன்னால் அந்த ஒலக்கூர் ஆம்புலன்ஸ் — மறுபடி காலியாக. ஊர் வரைக்கும் அதன் பின்னாலேயே போனோம்.

டிரைவர் நல்ல மனுஷர். வேகத்தடை வரும்போதெல்லாம் கையை வெளியே நீட்டி, எங்கள் காரை மெதுவாக வரச் சொன்னார்.